கோடு கீறுமுன் எங்களை எண்ணுங்கள்

மலைநாட்டு வீதிகளைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் அதனோடு கொட்டிய பெருமழையும் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, லயங்கள் மண்ணில் புதைந்தன. உடைந்த வீதிகளைக் கட்ட வேண்டும், ஒடுங்கிய வீதிகளை அகலமாக்க வேண்டும், ஆபத்தான இடங்களில் வீதியை வேறு வழியால் திருப்ப வேண்டும் என்ற குரல்கள் எழுவது இயல்பே.

இக்குரல்களுக்கு நாம் எதிரானவர்கள் அல்லர். வீதி இல்லாத துன்பத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? பிரசவ வேதனையில் துடிக்கும் தாயைக் கம்பளியில் கிடத்தித் தோளில் சுமந்து பெருவீதிவரை இறங்கியவர்கள் நமது மக்கள். பறித்த லீக்ஸும் கரட்டும் கோவாவும் லொறி வராததனால் தோட்டத்திலேயே அழுகுவதைக் கண்டவர்களும் நாமே. வீதி வேண்டும்; நல்ல வீதி வேண்டும்.

ஆனால் வீதி ஆகாயத்தில் போவதில்லை. அது ஒருவருடைய மரக்கறித் தோட்டத்தின் மேலாக, இன்னொருவருடைய வாசற்படியை உரசிக்கொண்டு, வேறொருவருடைய லயத்தின் பின்சுவருக்கு மேலே மண்ணை வெட்டிக்கொண்டு போகிறது. வரைபடத்தில் அந்தக் கோட்டைக் கீறுகிறவரின் மேசையில் காணி உறுதி உள்ளவர்களின் பெயர்கள் இருக்கும். உறுதி இல்லாத நமது பெயர்கள் இருக்கா. எனவே இவ்விதழின் மூலம் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: கோடு கீறுவதற்கு முன், அந்தக் கோட்டின் மேலும் கீழும் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் எண்ணுங்கள். உறுதி இருக்கிறதா இல்லையா என்று கேட்பதற்கு முன், அங்கே மனிதர் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

யாருக்காக வந்த வீதிகள்?

மலைநாட்டின் மத்தியில் இரண்டு பெருவீதிகள் நுவரெலியாவில் வந்து கூடுகின்றன. ஒன்று அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏறிவரும் ஏ-7 வீதி. மற்றது பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக வந்து, நுவரெலியாவைக் கடந்து வெலிமடை, பதுளை ஊடாகச் செங்கலடிவரை செல்லும் ஏ-5 வீதி. இவை இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ள தேசிய வீதிகள்.

இவ்வீதிகள் செல்லும் வழியை முதலில் தீர்மானித்தது கிராமமோ ஆலயமோ வைத்தியசாலையோ அல்ல. கோப்பி மூட்டையும், பின்னர் தேயிலைப் பெட்டியுமே தீர்மானித்தன. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது, தொழிற்சாலையிலிருந்து புகையிரத நிலையத்துக்குப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் பாதைகளே முக்கியம் பெற்றன. கிளை வீதிகளின் செலவில் தோட்ட உரிமையாளர்களும் ஒரு பங்கைச் செலுத்தினர். ஆகவே அவை அவர்களுடைய தொழிற்சாலைகளையும் பங்களாக்களையும் நோக்கியே சென்றன. லயங்களுக்குச் செல்ல ஒற்றையடிப் பாதை போதுமென விடப்பட்டது.

அந்த வீதிகளை வெட்டிய கைகளும், கல் உடைத்துச் சுமந்த தோள்களும் நமது முன்னோருடையவை. அவர்களோ இந்த மலைகளுக்கு வீதியால் வந்தவர்கள் அல்லர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே விழுந்து மடிந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நினைவு நடைபயணம் ஒன்று நடைபெற்றது. வீதியில்லாத வழியில் வந்து வீதி அமைத்த மக்களின் பேரப்பிள்ளைகள், அதே வீதியின் பெயரால் எழுப்பப்படக் கூடாது என்பதே நமது கோரிக்கை.

உறுதி ஏன் நம்மிடம் இல்லை?

“உங்களிடம் காணி உறுதி இல்லையே, நீங்கள் எப்படி நட்டஈடு கேட்கலாம்?” என்று அலுவலகங்களில் கேட்கிறார்கள். இக்கேள்விக்குக் கோபப்படாமல், வரலாற்றைக் கொண்டே பதில் சொல்ல நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நமது மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது, நிலமற்ற மக்களுக்கு நிலம் என்ற நல்ல நோக்கம் பேசப்பட்டது. ஆனால் அந்த நிலத்தில் நூறாண்டுக்கு மேல் உழைத்தவர்கள் நிலமற்றோர் பட்டியலில் இடம்பெறவில்லை. மாறாக, பல தோட்டங்களிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டனர். 1977 மே 11ஆம் திகதி தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிர் துறந்தார். ஏ-7 வீதியால் போகும் உல்லாசப் பயணிகள் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனத்தை நிறுத்துகிறார்கள். அந்தப் பெயர் நமக்கு நீர்வீழ்ச்சியை மட்டும் நினைவூட்டுவதில்லை.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு ஒப்படைக்கப்பட்டது. ஆகவே காகிதத்தில் காணி அரசுக்குரியது, பாவனை கம்பனிக்குரியது, லயக் காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பம் எந்தக் காகிதத்திலும் இல்லை. கற்பாறையை அகற்றி, கான் வெட்டி, சாணம் சுமந்து அக்குடும்பம் பண்படுத்திய கால் ஏக்கர் மரக்கறித் தோட்டமும் எந்தக் காகிதத்திலும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு கண்டது. காணிப் பிரச்சினைக்கு இன்னும் முடிவு காணப்படவில்லை. உறுதி இல்லாமை நமது குற்றமல்ல. நம்மை உறுதியற்றவராக வைத்திருந்தவர்களே அதை நமக்கெதிரான சாட்சியாகக் காட்டுவது எந்த நீதியில் சேரும்?

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுத் தேவைக்குக் காணி எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டமே இன்னமும் அடிப்படை. அதன் 2ஆம் பிரிவின்படி, ஒரு காணி தேவைப்படலாம் என்று கருதப்படும்போதே, அவ்விடத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனை தெரிவிக்க 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் தரப்பட வேண்டும். 7ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுக் கோரிக்கைகள் அழைக்கப்படும். 9ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடைபெறும். ஆனால் அவசரத் தேவை என்று கூறி, நட்டஈடு தீர்மானிக்கப்படுமுன்னரே காணியைக் கையேற்கவும் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. புயலுக்குப் பின்னரான காலம் அவசரம் என்ற சொல் அதிகம் பயன்படும் காலம். ஆகவே விழிப்பும் அதிகம் வேண்டும்.

இச்சட்டம் சொந்தக்காரரையும் குத்தகைக்காரரையும் கண்ணுக்கு முன் வைத்து எழுதப்பட்டது. தோட்டத்தில் வேலை செய்வதனால் லயத்தில் குடியிருப்பவர் இதில் எளிதில் அகப்படமாட்டார். அரசுக்குரிய தோட்டக் காணியிலேயே வீதி அகலமாகும்போது சுவீகரிப்பு என்ற பேச்சே எழாமல் போகலாம். அரசு தன் காணியைத் தானே எடுத்துக்கொள்கிறது என்றாகிவிடும். அப்போது அதன்மேல் வாழ்பவர் “அத்துமீறிக் குடியிருப்பவர்” என்ற பெயரைப் பெற்றுவிடுகிறார்.

இந்தக் குறையை அரசே உணர்ந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டு அமைச்சரவை ஏற்றுக்கொண்ட விருப்பின்றிய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, உறுதிப் பத்திரம் இல்லாதவர்களும் நீதியாகவும் நியாயமாகவும் நடத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. 20 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர வேண்டிய திட்டமாயின் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் ஒன்று தயாரிக்கப்பட வேண்டும் என்பதும் அக்கொள்கையில் உள்ளது. தெற்கு அதிவேகப் பாதை அமைத்தபோது, காணி எடுத்தல் மற்றும் மீள்குடியேற்றக் குழுக்கள் பிரதேச மட்டத்தில் அமைக்கப்பட்டு, பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து பேசி, சட்டப்படியான மதிப்பீட்டைவிடக் கூடிய தொகையைப் பெற வழி செய்யப்பட்டது. கரையோரத்தில் செய்ய முடிந்ததை மலையில் செய்ய முடியாதா?

அந்தப் பாதையிலிருந்தே நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. சுற்றாடல் ஆய்வு செய்யப்பட்ட வழியிலிருந்து பாதை விலகி, பண்டாரகமைப் பகுதியில் வேறு குடும்பங்களின் வீடுகள் மீது திருப்பப்பட்டது. அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம், வழியை மாற்றும்போது பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்காதது இயற்கை நீதிக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வீதியை நிறுத்தவில்லை, ஆனால் வழமையான நட்டஈட்டுக்கு மேலாக ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபா வழங்கப் பணித்தது. அத்தொகையைவிட அத்தீர்ப்பின் கருத்தே நமக்குப் பெரிது. பொதுநன்மைக்காகச் சிலர் இழக்க வேண்டியிருக்கலாம்; ஆனால் அவர்களைக் கேளாமல் இழக்கச் செய்ய முடியாது.

வீதி வெட்டிய மண்ணும் வீதி திருப்பிய நீரும்

காணி இழப்பைப் பற்றிப் பேசும்போது, வீதியின் மேல் நேரடியாக அகப்படும் குடும்பங்களை மட்டுமே கணக்கிடுகிறார்கள். மலையில் அந்தக் கணக்குப் போதாது. சமதரையில் வீதி தன் அகலத்தை மட்டும் எடுக்கும். மலையிலோ அது மேலேயும் கீழேயும் எடுக்கும்.

இதை விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. வீதியை அகலமாக்க மலைச் சரிவின் அடியை வெட்டினால், மேலே இருக்கும் மண் தன் தாங்கலை இழக்கிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளினால், அது இறுகாத பாரமாகச் சரிவின்மேல் உட்காருகிறது. மழை பெய்ததும் நகர்கிறது. முன்பு பரவலாக ஊறி இறங்கிய மழைநீரை வீதியோரக் கான் ஒன்றாகத் திரட்டி, ஒரு மதகின் வாயால் கீழே கொட்டுகிறது. அந்த மதகுக்கு நேர்கீழே யாருடைய தோட்டம் இருக்கிறதோ, யாருடைய லயம் இருக்கிறதோ, அவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் விழித்திருக்கிறார்கள். வீதி அவர்களுடைய காணியில் ஓர் அங்குலம்கூட எடுக்கவில்லை என்பதால் அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தாங்குசுவருக்கும் நீர்வடிகாலுக்கும் வரும் செலவை வீதியின் செலவாகவே கொள்ள வேண்டும். அதை மிச்சம் பிடித்தால், அந்தச் செலவைக் கீழே இருக்கும் குடும்பம் தன் பயிராலும் சில வேளை தன் உயிராலும் கட்டுகிறது. தேசிய வீதிகளின் மண்சரிவு ஆபத்துள்ள இடங்களைப் பாதுகாப்பதற்கென 2013இல் யப்பானியக் கடனுதவியுடன் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் வாகனம் போகும் பகுதியைக் காப்பதோடு வேலை நின்றுவிடாமல், அந்த நீர் கீழே எங்கே போய்ச் சேருகிறது என்பதுவரை பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை விடுத்தால் மட்டும் போதாது என்பதைக் கொஸ்லந்தை மீரியபெத்தை நமக்குக் கற்பித்தது. அங்கே ஆபத்து உண்டென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி வந்தபோது மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். “போகச் சொன்னோம், போகவில்லை” என்று பிறகு சொல்லப்பட்டது. போவதற்கு ஓர் இடம் காட்டப்படாதவரை, போ என்று சொல்வது எச்சரிக்கையாகாது.

தோட்டப் பாதையும் வீதியே

பெருவீதி காப்பெற் போட்டு மினுங்குகிறது. அதிலிருந்து பிரிந்து டிவிசனுக்கு ஏறும் பாதையில் டிரக்டர் சில்லு புதைகிறது. இதற்கும் ஒரு சட்டக் காரணம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபையின் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்தோம், நமது உறுப்பினர்கள் சபையில் இருந்தார்கள், ஆனால் நமது பாதையில் ஒரு கூடை கல் கொட்ட அச்சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. இப்போது தடையாக இருப்பது சட்டமல்ல, நிதியும் மனமுமே.

தோட்டப் பாதைகளைக் கவனியாது விட்டுவிட்டு, தேவை வரும்போது பொது வாகனங்களை அவற்றில் ஓடவிடுவதும் ஆபத்து. நானுஓயாவுக்கும் ராதெல்லைக்கும் இடையிலான குறுக்குப் பாதை செங்குத்தானது. 2023 ஜனவரி 20ஆம் திகதி அங்கே பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ், ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். பெருவீதியும் மன்னிப்பதில்லை. 2025 மே 11ஆம் திகதி ஏ-5 வீதியில் கொத்மலை கெரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதுகாப்பான வீதி வேண்டும் என்று நாம் சொல்வது வெறும் பேச்சல்ல. அதில் பயணம் செய்பவர்களும் நமது பிள்ளைகளே.

ஆகவே பெருவீதிக்கு ஒரு திட்டம் தீட்டும்போது, அதனோடு இணையும் தோட்டப் பாதைகளின் முதல் சில கிலோமீற்றர்களையும் அத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுலா வாகனம் பத்து நிமிடம் முந்திப் போவதைவிட, ஒரு நோயாளி லயத்திலிருந்து பெருவீதிக்கு அரை மணி நேரம் முந்தி வருவது பெரிய அபிவிருத்தி.

முன்னர் இடம்பெயர்ந்தவர்கள் சொல்வது

இடம்பெயர்வு இந்த மலைக்குப் புதிதல்ல. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. 1985இல் நிறைவான கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் தம் வயல்களையும் விகாரைகளையும் விட்டு எழுந்தன. அவர்களிற் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். சிலர் தொலைவில் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். சிலர் அருகே தேயிலைக் காணி பெற்றனர். 2012இல் 150 மெகாவாற் மின்சாரம் தரத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இழப்பு எல்லோரையும் தொட்டிருக்கிறது. ஆகவே இக்கோரிக்கையையும் எல்லோரும் சேர்ந்தே எழுப்ப வேண்டும்.

இவ்வனுபவங்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. வீட்டுக்கு வீடு கொடுத்தால் கணக்குத் தீராது. தோட்டப் பகுதிகளில் அமைந்த புதிய வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டு வந்துள்ளது. லயக் காம்பராவோடு ஒப்பிட்டால் அது பெரும் முன்னேற்றமே. உறுதியோடு கிடைத்தால் அதனினும் சிறப்பு. ஆனால் 7 பேர்ச்சஸில் வீடு நிற்கும். கரட் விளையாது, மாடு நிற்காது. மரக்கறித் தோட்டத்தை இழந்த குடும்பம் மாதந்தோறும் இழப்பது பணத்தை மட்டுமல்ல. கொழுந்துக்கு நாட்கூலி கிடைக்காத நாட்களில் அடுப்பெரித்தது அந்தத் தோட்டம். பிள்ளையை உயர்தர வகுப்புக்கு அனுப்பியது அந்தத் தோட்டம். விவசாயக் குடும்பத்துக்கு விளைநிலமே நட்டஈடு.

மறுபக்க நியாயத்தையும் பார்ப்போம்

“எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினால் வீதியே போட முடியாது, நட்டஈடு பெறுவதற்காகவே புதிதாகக் கொட்டில் அடிப்பார்கள்” என்று அதிகாரிகள் சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கடன்பட்ட நாடு, ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்கு வேண்டும். பொய்க் கோரிக்கைகளால் உண்மையாக இழந்தவர்களின் குரல் அமுங்கிப்போவதையும் நாம் அறிவோம்.

ஆனால் இதற்கு மருந்து எண்ணாமல் விடுவதல்ல, முன்கூட்டியே எண்ணுவதுதான். திட்டம் தொடங்கும் நாளில் ஒரு திகதியைக் குறித்து, அன்று அங்கே யார் வாழ்கிறார்கள், யார் பயிரிடுகிறார்கள் என்று பகிரங்கமாகக் கணக்கெடுத்து, அப்பட்டியலைத் தோட்டத்தின் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் கோயிலிலும் ஆலயத்திலும் ஒட்டினால், பிறகு வருபவர் ஏமாற்ற முடியாது. அயலவருக்குத் தெரியாத பொய் தோட்டத்தில் ஏது? எண்ணிக்கை அரசுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1993ஆம் ஆண்டின் சுற்றாடல் கட்டளைப்படி, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளை அமைப்பதற்கும், 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பின்றி மீள்குடியேற்றுவதற்கும் சுற்றாடல் அங்கீகாரம் பெற வேண்டும். ஆனால் அவசர நிலைமையில் செய்யப்படும் மீள்குடியேற்றம் அதற்குள் வராது. புயலில் இடம்பெயர்ந்த நம்மை அவசரத்தின் பெயரில் எங்கேனும் ஓரிடத்தில் இருத்திவிட்டு, பழைய இடத்தை வீதிக்கோ வேறெதற்கோ எடுத்துக்கொண்டால் கேட்பதற்கு வழி குறைவு. தற்காலிகம் என்று சொல்லித் தரப்படும் இடம் எத்தனை காலத்துக்கு என்பதையும், விட்டுவந்த பயிர்நிலம் என்னவாகும் என்பதையும் எழுத்தில் கேட்பது ஆகவே அவசியமாகிறது.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் நாமும் சிலவற்றைச் செய்யலாம். இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு கோவை வைத்திருக்கட்டும். வாக்காளர் இடாப்பின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பழைய சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மின்கட்டணப் பற்றுச்சீட்டு ஆகிய யாவும் நீங்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. புயலில் இவை அழிந்திருந்தால் பிரதிகளை இப்போதே கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, தோட்டத்தின் அளவு, பயிர்கள், பழமரங்கள், மாட்டுக்கொட்டில், கட்டிய கல்வரம்பு ஆகியவற்றை எழுதி, திகதியோடு படம் பிடித்து வையுங்கள். அயலவர் இருவர் ஒப்பமிடட்டும்.

மூன்றாவது, அறிவித்தல் ஏதேனும் ஒட்டப்பட்டால் அது தமிழிலும் இருக்கிறதா என்று பாருங்கள்; ஒட்டிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 நாள் என்பது விரைவில் ஓடிவிடும். வாய்ப்பேச்சை நம்பாமல் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

நான்காவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். வீதியின் உத்தேச வழி, எடுக்கப்படும் காணிகளின் வரைபடம், நீர்வடிகால் திட்டம், ஆபத்துப் பகுதி அறிக்கை ஆகியவற்றை எந்தப் பிரசையும் கேட்கலாம். வேலை நாட்கள் 14இற்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அலுவலகம் சொல்ல வேண்டும். காரணம் கூறவேண்டிய கடமை கேட்பவருக்கு இல்லை.

ஐந்தாவது, தனியே போகாதீர்கள். ஒரு குடும்பம் கேட்டால் அது முறைப்பாடு; முப்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரே பட்டியலோடு போனால் அது பேச்சுவார்த்தை. பெண்களும் அக்குழுவில் இருக்கட்டும். நட்டஈட்டுக் காசோலை யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது வீட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் காணியும் தொகையும் வரவேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

பொறுப்பில் உள்ளவர்களிடம் நாம் கேட்பதும் சிக்கலானதல்ல. வழியைத் தீர்மானிக்குமுன் மக்களைக் கேளுங்கள். உறுதி இல்லாதவரையும் பட்டியலில் சேருங்கள். வீதிக்குக் கீழே வாழ்பவரையும் பாதிக்கப்பட்டவராகக் கொள்ளுங்கள். விளைநிலம் இழந்தவருக்கு, பாதுகாப்பான இடத்தில், உறுதியோடு கூடிய விளைநிலம் கொடுங்கள். தரிசாகக் கிடக்கும் தோட்டக் காணிகள் இருக்கையில் நிலம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

மலையை வெட்டி இந்நாட்டுக்கு வீதி தந்த மக்கள், அவ்வீதியின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை உரிமையோடு கேட்கிறார்கள். நில அளவையாளர் கருவியோடு வந்து நிற்கும் நாளில், நமது கையிலும் ஒரு பட்டியல் இருக்கட்டும். அதை இந்த வாரமே எழுதத் தொடங்குவோம்.